காப்பகத்துப் பாட்டும் மூன்று கதவுகளும்

"காப்பகத்துல இருக்குன்னா எடுத்துக்கலாம்தானே?" நாட்டார் வழக்காறுகளில் ஆய்வு தொடங்கும் பலர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, "இப்ப எல்லாமே நெட்ல வந்திருச்சே" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதும் வரும்: "நூறு வருஷத்துப் பாட்டு, அதுக்கு யாரு சொந்தம் கொண்டாடப் போறாங்க?"

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆய்வேட்டை முடித்துவிட்டு, ஒரே ஒரு ஒலித்துண்டுக்கு அனுமதி கிடைக்காமல் ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அடிப்படையிலிருந்து போவோம்.

ஒரு பழைய ஆல்பம்

உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போகிறீர்கள். அலமாரியிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்துத் தருகிறார். புரட்டிப் பார்க்கிறீர்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு படம் பிடித்துப்போகிறது. "இதை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?" என்கிறீர்கள். அவர் சரி என்று சொல்லலாம். "அட்டையோட ஒட்டிப்போயிருக்கு, பிரிச்சா கிழிஞ்சிடும்" என்றும் சொல்லலாம்.

காப்பி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பெரிதாக்கி ஒரு விளம்பரத் தட்டியில் போடப்போகிறீர்கள். இப்போது ஆல்பம் வைத்திருப்பவர் தலையாட்டினால் மட்டும் போதுமா? படத்தை எடுத்தவர் யார்? படத்தில் இருப்பவர் யார்? அவருடைய பிள்ளைகள் அந்தத் தட்டியைத் தெருவில் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பார்ப்பது, நகலெடுப்பது, பயன்படுத்துவது என மூன்று கதவுகள். ஒலிக் காப்பகத்திலும் இதே மூன்றுதான், பார்ப்பதற்குப் பதில் கேட்பது. ஒரு கதவு திறந்துகிடப்பதை வைத்து அடுத்ததும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

ஆல்பத்தைப் பற்றி இன்னொன்று. படத்தைத் திருப்பினால் பின்னால் யாரோ பென்சிலில் எழுதியிருப்பார்கள்: பெயர், ஊர், வருடம். அது இல்லாவிட்டால் படம் வெறும் முகம். இந்தப் பின்பக்கம் நமக்குப் பலமுறை தேவைப்படும்.

பாட்டு மட்டுமில்லை

களப்பதிவு என்றால், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே, மக்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்தது. அதைக் கெடாமல் வைத்து, பட்டியலிட்டு, கேட்க வருபவருக்குக் கொடுக்கும் இடம்தான் ஒலிக் காப்பகம்.

களப்பதிவின் வரலாறு, ஒலிப்பதிவுக் கருவி பிறந்து 13 வருடத்திலேயே தொடங்கிவிட்டது. எடிசன் போனோகிராஃபைச் செய்தது 1877இல். 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேலிஸ் என்ற ஊருக்கு அந்தக் கருவியைக் கொண்டுபோய், பாஸமகுவாடி பழங்குடியினரின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதித்தார். வியன்னாவில் 1899லும் பெர்லினில் 1900லும் ஒலிக் காப்பகங்கள் தோன்றின. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1928இல் நாட்டுப்பாடல்களுக்கென்று தனிக் காப்பகம் தொடங்கியது.

நாட்டார் பதிவு என்றதும் எல்லோருக்கும் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. 1976இல் அமெரிக்க நாட்டார் வாழ்வியல் மையத்தை உருவாக்கிய சட்டம், வழக்கம், நம்பிக்கை, தொழில்திறன், மொழி, விளையாட்டு, சடங்கு, கைவினை எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கியது. அதற்கு முன்பே காப்பகங்கள் அப்படித்தான் சேர்த்துவந்தன. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் நாடெங்கும் இருந்த களப்பணியாளர்களுக்குத் தந்தி அடித்தார்: தெருவில் போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். அப்படிச் சேர்ந்த பேச்சு சுமார் 12 மணி நேரம். அதில் பாட்டுக்காகத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொரு சேகரிப்பில், ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்த 23 பேருடைய குரல் இருக்கிறது. 1932க்கும் 1975க்கும் இடையில் பதிவானவை, மொத்தம் ஏறக்குறைய 7 மணி நேரம். இதே மக்களைப் பற்றி 1930களின் பிற்பகுதியில் அரசுத் திட்டம் ஒன்றில் எழுத்தாளர்கள் 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதியெடுத்தார்கள். எண்ணிக்கையில் எழுத்துதான் பல மடங்கு. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பேச்சு வழக்கைத் தங்கள் காதுக்குப் பட்டபடி, சில இடங்களில் கேலிச்சித்திரம் போல, எழுத்துக்கூட்டி வைத்தார்கள். அந்த 7 மணி நேரத்தில் மனிதர்கள் யோசிக்கிறார்கள், தயங்குகிறார்கள், கேள்வியைத் தவிர்க்கிறார்கள். எழுத்தில் இல்லாத அந்தத் தயக்கத்துக்காகத்தான் ஒலிப்பதிவைத் தேடிப்போகிறோம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: களப்பதிவு என்பது பாட்டு, பேச்சு, கூப்பாடு, வழிபாடு எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்பதும் நகலெடுப்பதும் பயன்படுத்துவதும் தனித்தனி விஷயங்கள்.

ஒலி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது

கதவுகளுக்குப் போகுமுன் ஒலி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. காப்பகம் ஏன் சில வேளை "முடியாது" என்கிறது என்பது இதில் விளங்கிவிடும்.

ஒலியைத் தாங்கியிருக்கும் பொருளை மூல ஊடகம் என்பார்கள். முதலில் வந்தது மெழுகு உருளை: உள்ளங்கைக்குள் அடங்கும் குழாய், அதன்மேல் ஊசி கீறிய சன்னமான பள்ளம், அதில் 2 முதல் 4 நிமிட ஒலி. அப்புறம் வட்டத்தட்டு. 1933இல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் காரின் பின்பகுதியில் ஏற்றிக்கொண்டு போன தட்டு வெட்டும் கருவியின் எடை 315 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 143 கிலோ. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காந்த ஒலிநாடா, பின்னர் கேசட், கடைசியில் வெறும் கணினிக் கோப்பு.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகின்றன. மெழுகு உருளையில் பூஞ்சை பிடிக்கும்; ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி பள்ளத்தைக் கொஞ்சம் தேய்க்கும். அலுமினியத்தின்மேல் அரக்குப் பூசிய தட்டுகளில் பூச்சு சுருங்கி உரிந்துவிடும். 1970கள், 80களின் ஒலிநாடாக்கள் பலவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றை 50 டிகிரிக்குச் சற்று மேலே மணிக்கணக்காக மிதமாகச் சூடாக்கிய பிறகுதான் ஒருமுறை ஓட்டி நகலெடுக்க முடியும். அடுப்பில் வைத்து நாடாவைச் சுடுவதா என்று கேட்காதீர்கள், உண்மையிலேயே அதுதான் சிகிச்சை.

அதனால் எந்த நல்ல காப்பகமும் உங்கள் கையில் மூலத்தைத் தராது. டிஜிட்டலாக்கி, அதாவது ஒலியை எண்களாக மாற்றி, இரண்டு பிரதிகள் வைத்திருப்பார்கள். ஒன்று பாதுகாப்பு நகல்: நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து, சுருக்காமல் வைத்த பெரிய கோப்பு. இரட்டைத் தடமென்றால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி அளவுக்கு வரும். மற்றது கேட்பு நகல்: சுருக்கிய எம்பி3. இணையத்தில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. சொல்லைப் புரிந்துகொள்ள அது தாராளமாகப் போதும். குரலின் அதிர்வை, கருவியின் நாதத்தைக் கணினியில் அளக்கப்போகிறீர்கள் என்றால் போதாது.

பூஞ்சை பிடித்து உடைந்துபோன உருளைகளுக்கும் ஒரு வழி வந்திருக்கிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் முதலானோர், ஊசி படாமல் கேமராவால் பள்ளத்தைப் படம்பிடித்து, அந்தப் படத்திலிருந்து ஒலியைக் கணக்கிட்டெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். ஆனால் அது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. பட்டியலில் பெயர் இருக்கும் பதிவுக்கெல்லாம் டிஜிட்டல் நகல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வேகம் என்னும் பொறி

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளே இதில் விழுகிறார்கள்.

பழைய கருவிகளில் வேகத்தைத் திருகாணியால் மாற்றலாம். உருளையில் இடம் போதாது என்று தோன்றினால் சேகரிப்பாளர் வேகத்தைக் குறைத்துவிடுவார். கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். எந்த வேகத்தில் பதித்தார் என்பதை எழுதிவைக்க மறந்துவிடுவார். நூறு வருடம் கழித்து அதை ஓட்டுகிறவர் ஒரு வேகத்தை ஊகித்து ஓட்டுகிறார். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலமும் விரைவாகிவிடும். ஆண்குரல் இளைஞன் குரலாகும். நிதானமான பாட்டு துள்ளல் பாட்டாகும்.

பெர்லின் காப்பகத்தினர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பயணம் போகிறவர் கையில் சுருதிக்குழல் ஒன்றைக் கொடுத்து, பாட்டுக்கு முன்னால் அதை உருளையில் ஊதச் சொன்னார்கள். குழலின் சுருதி நொடிக்கு 435 அதிர்வு என்பது தெரிந்த விஷயம். ஓட்டும்போது அந்த ஊதல் 435இல் ஒலிக்கும்வரை வேகத்தைச் சரிசெய்தால் பாட்டும் சரியாகிவிடும். பழைய பதிவுகளின் தொடக்கத்தில் ஒரு 'பீ' சத்தம் கேட்டால் எரிச்சலாகித் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பதிவின் அளவுகோல் அது.

ஊதல் இல்லாத பதிவை வைத்து "இந்த இனத்தார் உச்ச சுருதியில் பாடுவார்கள்" என்று எழுதப்போகிறவர், வேகத்தை எப்படி முடிவுசெய்தார்கள் என்று முதலில் காப்பகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

படத்தின் பின்பக்கம்

பதிவைப் பற்றிய தகவலுக்கு மீதரவு என்று பெயர். பாடியவர், இடம், நாள், மொழி, பதித்தவர், கருவி, உடனிருந்தவர்கள். சேகரிப்பாளரின் களக்குறிப்பேடும் கடிதங்களும் இதில் சேரும். என்னைக் கேட்டால், ஒலியைக் காட்டிலும் இதற்குத்தான் ஆய்வாளர் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

மீதரவு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தாலாட்டின் கதை போதும். 1970இல் ஹ்யூகோ ஸெம்ப் என்ற இசையியலாளர் சாலமன் தீவுகளில் மலைட்டா தீவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டைப் பதிவு செய்தார். அது யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் வெளிவந்தது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இசைக்குழு அந்தக் குரலை எடுத்து மின்னிசையோடு கலந்து உலகமெங்கும் விற்றது. பாடியவர் பெயர் இல்லை. அந்தக் குழுவின் இசைத்தட்டு ஆப்பிரிக்கக் காட்டுப் பிக்மி மக்களின் குரல்களை வைத்தே பெயர்பெற்றது என்பதால், கேட்டவர்கள் இதையும் அவர்களுடையது என்று எண்ணிக்கொண்டார்கள். 1996இல் நார்வேயைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பாரெக் அதே மெட்டை வாசித்தபோது அதற்கு வைத்த பெயர் 'பிக்மி தாலாட்டு'. பசிபிக் பெருங்கடலில் பிறந்த பாட்டு நான்கே வருடத்தில் மத்திய ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு காப்பகத்தின் நாடாப் பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைப் பாடகியின் பெயர் என்று நம்பி ஒரு கட்டுரையில் எழுதிவிட்டேன். பிறகு களக்குறிப்பேட்டின் நகல் கிடைத்தது. அந்தச் சேகரிப்பாளர் சிக்கனக்காரர், முந்தைய மாதத்துப் பெட்டியையே மறுபடி பயன்படுத்தியிருக்கிறார். பெட்டிமேல் இருந்தவர் வேறு ஊர்ப் பெண். திருத்தம் போட்டார்கள், ஆனால் திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

எப்படித் தேடுவது

நூலகத்தில் புத்தகத்தைத் தலைப்பால் தேடிப் பழகியவர்களுக்கு இங்கே முதல் ஏமாற்றம் காத்திருக்கும். களப்பதிவுக்குப் பெரும்பாலும் தலைப்பே கிடையாது. பட்டியலில் 'தாலாட்டு', 'வேலைப் பாட்டு', 'பேச்சு' என்று சேகரிப்பாளர் அந்த நேரத்துக்கு வைத்த பெயர்தான் இருக்கும். ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே ஊர் நான்கு எழுத்துக்கூட்டலில் வரும். இனப்பெயர்கள் அந்தக் காலத்து வழக்கில் இருக்கும். இன்று நாம் சொல்லக் கூசும் சொற்களாகவும் இருக்கலாம். அவற்றையும் தேடுபெட்டியில் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

பாட்டைத் தேடுவதற்குப் பதில் ஆளைத் தேடுங்கள். அந்தப் பகுதிக்கு, அந்தக் காலத்தில், யார் கருவியோடு போனார்கள்? அவருடைய பொருட்கள் எந்தக் காப்பகத்துக்குப் போயின? சேகரிப்பாளரின் நாடும் பதிவு நடந்த நாடும் வேறாக இருப்பது வெகு சாதாரணம். பசிபிக் தீவுகளின் குரலை ஆஸ்திரேலியாவிலும், இந்திய இசையின் வெளிநாட்டுச் சேகரிப்புகளைக் 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கும் இன இசையியல் காப்பகத்திலும் தேட வேண்டியிருக்கும். பின்னதன் நோக்கமே வெளிநாடுகளில் கிடந்த பதிவுகளின் நகல்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாக இருந்தது.

சேகரிப்பு கிடைத்ததும் அதன் கையேட்டைக் கேளுங்கள். சேகரிப்புக் கையேடு என்பது, ஒருவர் கொடுத்த மொத்தப் பெட்டிகளிலும் என்னென்ன இருக்கிறது, எந்த ஒழுங்கில் இருக்கிறது என்று காப்பகம் எழுதிவைத்த வழிகாட்டி. ஒவ்வொரு பாட்டும் அதில் இருக்காது. 'பெட்டி 4, நாடா 12 முதல் 20 வரை, திருவிழா' என்ற அளவில்தான் பல கையேடுகள் நிற்கும். அதற்குமேல் தெரிய ஒரே வழி, உட்கார்ந்து கேட்பது.

சுருக்கமாக: சேகரிப்பாளர், இடம், ஆண்டு, மொழி. இந்த நான்கில் இரண்டு கையில் இருந்தால் தேடலைத் தொடங்கிவிடலாம்.

முதல் கதவு: கேட்பது

இது மூன்றில் எளிது. சில பதிவுகள் இணையத்தில் திறந்தே இருக்கும். சிலவற்றுக்குக் கணக்குத் தொடங்கி நிபந்தனையை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவை வாசிப்பு அறையில் மட்டும், அங்குள்ள கணினியில், காதொலிக் கருவி மாட்டிக் கேட்க வேண்டியவை. காங்கிரஸ் நூலகத்தில் 16 வயது நிரம்பியவர் எவரும் இலவச வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு நாட்டார் வாழ்வியல் வாசிப்பு அறைக்குப் போகலாம். பேராசிரியர் கடிதம் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது. 'நமக்கெல்லாம் அனுமதிப்பார்களா' என்று தயங்கியே காலத்தைக் கழிக்கிறார்கள்.

இணையத்தில் இருப்பது நிலையானது என்றும் நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின்மீது நடந்த இணையத் தாக்குதலில் அதன் ஒலித்தளமும் முடங்கியது; முந்தைய வாரம்வரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்து எப்போது கேட்கலாம் என்றே தெரியாமல் போயிற்று. கேட்கும்போதே பதிவு எண்ணையும் நிமிட நொடியையும் குறித்துக்கொள்வது இதற்காகவும்தான்.

போவதற்கு முன் காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "உங்களிடம் உள்ள எல்லா நாட்டுப்பாடல்களும் வேண்டும்" என்ற கடிதத்துக்கு எவராலும் பதில் எழுத முடியாது. என்ன ஆராய்கிறீர்கள், எந்தச் சேகரிப்பு, எந்த எண்கள், எப்போது வருகிறீர்கள் என்று நான்கு வரி எழுதினால், பல வருடம் அந்தப் பெட்டிகளோடு வாழ்ந்த ஒருவர் "அதோடு இதையும் பாருங்கள்" என்று பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டுவார். என் அனுபவத்தில் நல்ல கண்டுபிடிப்புகள் பாதிக்குப் பாதி இப்படி வந்தவை.

இரண்டாம் கதவு: நகல்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நகலுக்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு மூன்றும் உண்டு. டிஜிட்டலாகாத நாடா என்றால் காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம். சேகரிப்பாளர் பொருளைக் கொடுத்தபோது போட்ட ஒப்பந்தத்தில் 'நகல் தரக்கூடாது' என்று இருந்தால் காப்பகத்தின் கை கட்டப்பட்டிருக்கும், கெஞ்சிப் பயனில்லை. நகல் தரும்போது 'சொந்த ஆய்வுக்கு மட்டும்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நண்பருக்குக் கோப்பை அனுப்புவதே அதில் மீறலாக இருக்கலாம்.

மூன்றாம் கதவு: பயன்படுத்துவது

'பழைய பாட்டுக்கு யார் சொந்தம்' என்ற கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. பாட்டு வேறு, பதிவு வேறு. இயற்றியவர் தெரியாத பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லாமல் இருக்கலாம். அதை ஒருவர் ஒருநாள் பாடி, இன்னொருவர் பதித்த அந்தக் குறிப்பிட்ட ஒலிக்குத் தனி உரிமை உண்டு. பதிப்புரிமை என்பது படைப்பை நகலெடுக்கவும் வெளியிடவும் சட்டம் தரும் உரிமை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று மேலும் ஒன்று பல நாடுகளில் இருக்கிறது.

எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியானவற்றுக்கு 70. அமெரிக்கச் சட்டம் விசித்திரமானது: 1972 பிப்ரவரிக்கு முன் பதிவாகி, வெளியிடப்படாமலே கிடக்கும் ஒலிக்கு 2067 வரை பாதுகாப்பு உண்டு. களப்பதிவுகளில் பெரும்பாலானவை வெளியிடப்படாதவை என்பதை நினைவில் வையுங்கள். 'நூறு வருஷத்துப் பாட்டு' என்பது அங்கே சட்டத்தின் முன் செல்லாமல் போகலாம். காப்பகமும் உதவாது. பெட்டி அதனிடம் இருக்கிறது, உரிமை பெரும்பாலும் அதனிடம் இல்லை. காங்கிரஸ் நூலகமே, அனுமதி தரவோ மறுக்கவோ தனக்கு அதிகாரமில்லை, உரிமையாளரைத் தேடுவது பயன்படுத்துபவர் பொறுப்பு என்றுதான் சொல்கிறது.

தேடினால் கிடைப்பார்களா? 1959இல் மிசிசிப்பிச் சிறை முகாம் ஒன்றில் ஆலன் லோமாக்ஸ், கைதிகள் விறகு வெட்டிக்கொண்டே பாடிய வேலைப் பாட்டைப் பதித்தார். முன்பாட்டுக்காரர் ஜேம்ஸ் கார்ட்டர். 2000இல் ஒரு ஹாலிவுட் படம் அதைத் தன் தொடக்கத்தில் பயன்படுத்தியது. பாடல் தொகுப்பு லட்சக்கணக்கில் விற்றது. லோமாக்ஸின் காப்பகத்தினர் கார்ட்டரைத் தேடத் தொடங்கினார்கள். சிகாகோவில் இருந்தார். 2002இல் 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தபோது, அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு நினைவில்லை. 43 வருடத்துக்கு முன் சேகரிப்பாளர் பெயரைக் குறித்துவைத்ததால்தான் அந்தத் தேடல் சாத்தியமானது.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு அடுக்கும் இருக்கிறது. சில பாட்டுகள் சடங்குக்கு உரியவை. சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும் சொல்ல வேண்டும். சிலவற்றை ஆண்கள் கேட்கக்கூடாது, சிலவற்றைப் பெண்கள். 1890இல் பாடியவரிடம் 'இது உலகம் முழுக்கப் போகும், சம்மதமா' என்று யாரும் கேட்டிருக்கவில்லை; கேட்டிருந்தாலும் புரியவைக்க வழியில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் அப்படிப்பட்ட பதிவுகளுக்கு, அந்தச் சமூகத்தின் ஒப்புதல் இல்லாமல் கேட்கவே விடமாட்டார்கள். 'ஆய்வுச் சுதந்திரம்' என்று இதைக் குறைபடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த வீட்டு ஆல்பத்தில் சில பக்கங்களைப் புரட்டாமல் விடுவது போலத்தான் இது.

ஃபியூக்ஸின் உருளைகளுக்கு என்ன ஆனது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க நாட்டார் வாழ்வியல் மையம் 1979இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பழைய உருளைகளை நகலெடுத்துப் பழங்குடிச் சமூகங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. பிற்பாடு நல்ல டிஜிட்டல் நகல்கள் வந்ததும், பாஸமகுவாடி மூத்தவர்கள் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றும் என்ன பாட்டு, என்ன சொல் என்று தங்கள் மொழியில் எழுதித் தந்தார்கள். எதைப் பொதுவில் வைக்கலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். நூலகத்தின் பக்கத்தில் இப்போது அந்தப் பதிவுகளோடு பாரம்பரிய அறிவுச் சீட்டு என்ற குறிப்பு இருக்கிறது. அந்தச் சமூகம் தன் பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் அடையாளம். அவற்றில் ஒன்றன் பொருள்: 'இது விற்பனைக்கு இல்லை'.

சுருக்கம்: சட்டம் அனுமதித்தாலும் சமூகம் தடுக்கலாம்; காப்பகம் நகல் தந்தாலும் சட்டம் தடுக்கலாம். ஆய்வேட்டில் சில வரிகளை மேற்கோள் காட்டுவதற்கு இவ்வளவு அலைச்சல் இருக்காது. ஒலியையே வெளியிடுவது, இணையத்தில் ஏற்றுவது, விற்பது என்று போகப்போகத்தான் கதவு கனமாகும்.

உட்கார்ந்து கேட்கும்போது

ஒலியை எழுத்தில் கொண்டுவருவதை எழுத்தாக்கம் என்போம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். 1906 முதல் போனோகிராஃபோடு கிராமங்களுக்குப் போன ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக், 1930களில் தன் பழைய எழுத்தாக்கங்களை மறுபடி உருளைகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு தேர்ந்த காதுக்கே இரண்டாம் முறை தேவைப்பட்டது என்றால், நாம் முதல் தடவை எழுதியதைக் கட்டுரையில் போட்டுவிடுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பாட்டு தொடங்குமுன் இருக்கும் பேச்சை வெட்டிவிட்டுக் கேட்காதீர்கள். 1939இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன், தான் களத்தில் கற்ற பாடல்களைத் தானே பாடிய பதிவுகள் இருக்கின்றன. உடனிருந்த ஹெர்பர்ட் ஹால்பர்ட், இதை எங்கே கற்றீர்கள், எப்படிக் கற்றீர்கள் என்று கேட்கிறார். கூட்டத்தோடு சேர்ந்து நின்று, அவர்களோடு பாடிப் பாடி, சரியாக வருகிறது என்று அவர்களே சொல்லும்வரை பழகி, நினைவில் தூக்கிக்கொண்டு வருவதாக அவர் விளக்குகிறார். பாட்டை மட்டும் கேட்டவருக்கு அது ஃப்ளோரிடாத் தொழிலாளி ஒருவரின் பாட்டு. முன்பேச்சையும் கேட்டவருக்கு, அது ஓர் ஆய்வாளரின் நினைவு வழியாக வந்த பாட்டு. கட்டுரையில் எழுதும் வாக்கியமே மாறிவிடும்.

மேற்கோள் காட்டும்போது பாடியவர் பெயரை முதலில் எழுதுங்கள். அப்புறம் பதித்தவர், இடம், நாள், சேகரிப்பின் பெயர், பதிவு எண், காப்பகம், நிமிட நொடி. இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் முகவரி மாறிய அன்று உங்கள் சான்றும் போய்விடும். பதிவு எண் மாறாது. பாடியவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால் 'பெயர் குறிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள், 'பெயர் அறியாதவர்' என்று எழுதாதீர்கள். அவர் ஊராருக்கு அவர் பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் உங்கள் எழுத்தாக்கத்தின் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். தப்பாக எழுதியிருந்த ஊர்ப்பெயரையோ, பெட்டி மாறியதையோ கண்டுபிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பல காப்பகங்கள் அதை வாங்கிச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. நான் தவறாக எழுதிய அந்தப் பாடகியின் சரியான பெயர் இப்போது அந்த நாடாவின் பதிவில் இருக்கிறது. பெட்டிமேல் இருந்த பழைய பெயரை அவர்கள் அழிக்கவில்லை. பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள்.